பழைய 121 ஓட்டோ கார்: கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

கொக்குவிலான்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 121, பெற்றோல், ஓட்டோ கியர். அப்பா வாங்கிய கார். அவர் காலமான பிறகு நான்தான் ஓடுகிறேன். மீற்றரில் 187,000 கிலோமீற்றர் காட்டுகிறது.

இரண்டு மாதமாகக் காலையில் ஒரு கரைச்சல். எஞ்சினை ஸ்ராட் பண்ணி ரிவேர்ஸ் போட்டால் உடனே பிடிக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிய, ஒரு உதறலோடு பிடிக்கும். சூடேறினால் பரவாயில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ் வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுகிற நேரம் எஞ்சின் சத்தம் ஒரு கணம் கூடிக் குறைகிறது.

இரண்டு கராஜில் கேட்டேன். ஒருவர், "கியர்பொக்ஸ் ஒயிலை மாத்துங்கோ, சரியாகும்" என்றார். மற்றவர், "இவ்வளவு ஓடின காரில ஒயிலைத் தொட்டால் பொக்ஸ் போயிடும், அப்படியே விடுங்கோ" என்றார். இருவரும் கன வருட அனுபவம் உள்ளவர்கள். விற்றுவிட்டு வேறு வாங்கவும் என்னால் முடியாது. 2020இல் நின்ற வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான், விலை எங்கள் கைக்கு எட்டுகிறதா? இந்தக் காரை இன்னும் சில வருடம் ஓட்ட வேண்டும். யார் சொல்வது சரி?

வடமராட்சி_மைந்தன்:
தொடாதீர்கள் அண்ணை. என் மச்சானின் ரொயோட்டா பிரிமியோ 260 ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று கியர்பொக்ஸ் ஒயிலை மாற்றினார். இரண்டு கிழமை ஆகவில்லை, கொழும்பிலிருந்து வரும் வழியில் முறிகண்டிக்குக் கிட்ட நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, கார் நகரவில்லை. பிறகு ஏற்றித்தான் கொண்டு வந்தோம்.

சில்லும்_சுரையும்:
கொக்குவிலான் தம்பி, நான் கராஜ் வைத்திருப்பவன். மாற்றுவதா விடுவதா என்று முடிவெடுக்க முதல், உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். 121க்குக் கியர்பொக்ஸ் ஒயிலின் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்ரிக், இருக்கிறது. இப்போது வரும் கார்கள் பலவற்றில் அது கிடையாது. உங்களுக்கு அது பெரிய வசதி.

எஞ்சின் ஒயில் பார்ப்பது போல இதைக் குளிரில் பார்க்கக் கூடாது. பதினைந்து இருபது கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து மட்டமான நிலத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். பிரேக்கை மிதித்தபடி கியர் தடியை பி (பார்க்) இலிருந்து கடைசி வரைக்கும் கொண்டுபோங்கள், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று விநாடி வைத்து, திரும்பவும் பி இல் விடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்ரிக்கை இழுத்துத் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். கூல், ஹொட் என்று இரண்டு இடத்தில் கோடு இருக்கும். நல்ல சூட்டில் ஹொட் கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஹொட் கோடு வரைக்கும் ஊற்றினால், சூட்டில் ஒயில் விரிந்து அளவு கூடிவிடும். கூடினால் சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

கம்பியின் நுனியை வெள்ளை ரிசுவில் ஒற்றி நிறத்தைப் பாருங்கள், மணந்து பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஒன்று உறுதி. எஞ்சின் போல ஒயில் எரிகிற இடம் கியர்பொக்ஸில் இல்லை. எங்கோ ஒழுகுகிறது.

வடமராட்சி தம்பிக்கு இரண்டு கேள்வி. மச்சானின் காருக்கு ஊற்றியது எந்த ஒயில்? மாற்றிய பிறகு அளவை எப்படிப் பார்த்தார்கள்? கேட்டு எழுதுங்கள், காரணத்தோடுதான் கேட்கிறேன்.

கொக்குவிலான்:
அண்ணை, சொன்னபடி ஓடிவிட்டு வந்து பார்த்தேன். ஹொட் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. நிறம் பிளேன்ரீ மாதிரி. சிவப்பே இல்லை. மணம் கருகலாக இல்லை, ஆனால் பழைய எண்ணெய்ச் சட்டி போல ஒன்று வருகிறது. குனிந்து பார்த்தால் இடது பக்க முன்சில்லுக்குப் போகும் தண்டு கியர்பொக்ஸிலிருந்து வெளிவரும் இடத்தில் ஈரமாக இருக்கிறது, மண் ஒட்டிப் பிடித்திருக்கிறது.

சில்லும்_சுரையும்:
அந்த இடத்தில் ஒயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம், சீல், போய்விட்டது. அதிகம் செலவில்லாத வேலை. காலையில் ரிவேர்ஸ் பிந்திப் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் அளவு குறைந்ததாகவே இருக்கலாம்.

இனி "தொட்டால் போய்விடும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, ஆனால் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். நடப்பது என்னவென்றால், பத்து வருடம் யாரும் கியர்பொக்ஸ் ஒயிலைப் பற்றி நினைப்பதில்லை. கியர் சரியாகப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒயில் ஞாபகம் வரும். அந்த நேரம் உள்ளே கியரைப் பிடித்துக் கொடுக்கும் கிளச் பிளேற்றுகள் தேய்ந்து முடிந்திருக்கும். தேய்ந்த தூள் ஒயிலில் மிதந்துகொண்டிருக்கும், அந்தத் தூளின் உராய்விலேயே பிளேற் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் புது ஒயில் ஊற்றினால் மிச்சமிருந்த பிடியும் போய்விடும். எப்படியும் இரண்டொரு மாதத்தில் போகவிருந்த பொக்ஸ் அன்றைக்குப் போகிறது, பழி ஒயிலுக்கு.

எஞ்சின் ஒயில் போல இது வழுக்குவதற்கு மட்டும் உள்ள ஒயில் இல்லை. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ரோர்க் கொன்வேர்ட்டருக்குள் எஞ்சினின் சுழற்சியைக் கடத்துவதும் இதுதான். ஒயிலை வேண்டிய பக்கம் திருப்பிவிடும் வால்வ் பொடிக்குள் அழுத்தமாகப் பாய்ந்து கிளச் பிளேற்றை இறுக்குவதும் இதுதான். பிளேற் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும், உள்ளிருக்கும் சூட்டை ரேடியேற்றருக்குக் கொண்டுபோவதும் இதுதான். இத்தனை வேலை செய்யும் ஒன்று சாகும்வரைக்கும் மாறாமல் இருக்கும் என்று என்னால் நம்ப முடியாது. எங்கள் வெயிலில், இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு நிறுத்தத்தோடு ஓடும் காருக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்று நான் வைத்திருக்கிறேன்.

உங்கள் கார் இன்னும் வழுக்கிப் போகவில்லை. கருகல் மணமும் இல்லை. பயமில்லாமல் மாற்றலாம்.

தூரதேசத்தான்:
கனடா ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே சில கராஜ்களில் ஒயில் மாற்றும் இயந்திரத்தை, கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாயில் பொருத்தி, பழையதை முழுதாக வெளியேற்றிவிட்டுப் புதியதை உள்ளே விடுகிறார்கள். அதையே செய்யுங்கள் என்பேன். ஏனென்றால் அடியில் ஒயில் வடிக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றினால் எல்லாம் வராது. பாதிக்கு மேல் ரோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளும் வால்வ் பொடிக்குள்ளும் தங்கிவிடும். மொத்தம் ஏழு லீற்றர், வடிவது மூன்று லீற்றர் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். முதல் தடவை மாற்றினால் பழையது நூற்றுக்கு 57 பங்கு மிஞ்சும். இரண்டாம் தடவை 33. மூன்றாம் தடவை 19. மூன்று தடவை, ஒன்பது லீற்றர் செலவழித்தும் ஐந்தில் ஒரு பங்கு பழையதுதான்.

சில்லும்_சுரையும்:
கணக்குச் சரி. ஆனால் 187,000 ஓடி, ஒரு தடவையும் மாற்றாத பொக்ஸுக்கு நான் இயந்திரம் போட மாட்டேன். அடியில் படிந்த சேறு ஒரேயடியாகக் கிளம்பி வால்வ் பொடியின் நுண்துளைகளில் போய் உட்காரும் என்பது என் பயம். வடித்து ஊற்றி, ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, திரும்ப வடித்து ஊற்றுவது மெதுவான வேலைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் என்ன வெளியே வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஒழுங்காக மாற்றி வந்த காருக்கு இயந்திரம் பிழையில்லை.

தூரதேசத்தான்:
கியர்பொக்ஸின் அடியில் உள்ள ஒயில் தட்டை, சம்பை, கழற்றித் துப்புரவாக்கிவிட்டு இயந்திரம் போட்டால் உங்கள் பயம் பாதி தீரும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் காரைப் பார்ப்பது நீங்கள், நானில்லை.

வடமராட்சி_மைந்தன்:
மச்சானிடம் கேட்டேன். ஊற்றியது பீப்பாவிலிருந்து எடுத்த சிவப்பு ஓட்டோ கியர் ஒயில். எந்த வகை என்று அவருக்குத் தெரியாது. அளவு ஒன்றும் பார்க்கவில்லையாம், "வந்த அளவு ஊத்தினதுதான்" என்றாராம்.

சில்லும்_சுரையும்:
நினைத்தேன். பிரிமியோ 260 சி.வி.ரி. அதற்குள் கியர்ப் பற்சக்கரங்கள் ஏறி இறங்கி மாறுவதில்லை. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவில் ஒரு இரும்புப் பட்டி நெருக்குண்டு ஓடுகிறது. பட்டியும் கப்பியும் இரும்போடு இரும்பு. நடுவில் உள்ள மெல்லிய ஒயில் படலம் அந்தப் பிடியைக் காக்க வேண்டும், தேய்மானத்தையும் தடுக்க வேண்டும். அதற்கென்றே செய்த ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலில் பட்டி வழுக்கும், கப்பியின் முகத்தில் கீறல் விழும், அதோடு முடிந்தது. மச்சானின் காரைக் கொன்றது ஒயில் மாற்றியது அல்ல, பிழையான ஒயில்.

நிறத்தை நம்பிப் பிழைவிடுபவர்கள் கனபேர். நிசானின் என்.எஸ்-2 பச்சை. ஹொண்டாவின் சி.வி.ரிகளுக்கு எச்.சி.எஃப்-2, அதற்கு முந்தியவற்றுக்கு எச்.எம்.எம்.எஃப். ரொயோட்டாவிலேயே பழைய ஓட்டோவுக்கு ரைப் ரி-4, பிறகு வந்தவற்றுக்கு டபிள்யூ.எஸ். டபிள்யூ.எஸ் மெல்லியது, இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது. கொக்குவிலான் தம்பி, உங்கள் 121க்கு ரைப் ரி-4. டிப்ஸ்ரிக்கிலேயே பெயர் அடித்திருக்கும், துடைத்துப் பாருங்கள். "எல்லாத்துக்கும் டெக்ஸ்ரன் 3 போதும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஜெனரல் மோட்டர்ஸ் 2005இல் டெக்ஸ்ரன் 6ஐக் கொண்டுவந்து, 2006 முடிவோடு 3க்குக் கொடுத்த அனுமதியை நிறுத்திவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் விற்பது எதையும் அவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை.

வடமராட்சி_மைந்தன்:
விளங்குது அண்ணை. நான் முதல் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மச்சானுக்கும் காட்டுகிறேன்.

பழைய_சாரதி:
தம்பிமாருக்கு ஒரு விஷயம். ஓட்டோ கியர் ஒயிலைக் கெடுக்கும் இன்னொன்று எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர்.

நான் ஹயர் ஓடியவன். போர் நேரத்துப் பெற்றோல் தடைக்காலத்தில் ஓஸ்ரின் காரைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினவர்களில் நானும் ஒருவன். அந்தக் கார்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினோம், ஓடியது. அந்தப் பழக்கத்தில் பிறகு வாங்கிய ஓட்டோ வானுக்கும் அதையே ஊற்றினேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும், உலோகத்தை அரிக்கும். ஓட்டோ வாகனம் பலவற்றில் கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் கியர்பொக்ஸுக்குள் போகும்.

எனக்கு அது நடந்தது. ஒருநாள் காலை ரேடியேற்றர் மூடியைத் திறந்தேன். ரோஸ் பால் மாதிரி இளஞ்சிவப்பாகத் தடித்து நின்றது. கியர்பொக்ஸ் டிப்ஸ்ரிக்கிலும் அதே பால். கிளச் பிளேற்றில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாளைத் தண்ணீர் ஊறவைத்து உரித்துவிடும் என்று பிறகுதான் மெக்கானிக் விளங்கப்படுத்தினார். பொக்ஸ் முழுவதும் கழற்ற வேண்டி வந்தது. கூலன்ற் ஒரு போத்தல் வாங்கியிருந்தால் வராத செலவு. ரோஸ் நிறம் கண்டால் எஞ்சினை ஸ்ராட் பண்ணவே வேண்டாம், கட்டி இழுக்கவும் வேண்டாம், ஏற்றிக்கொண்டு போங்கள்.

சில்லும்_சுரையும்:
ஐயா சொன்னது பொன்னான விஷயம். மாரி வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கியர்பொக்ஸுக்கு மூச்சுக்குழாய் இருக்கிறது. சூடான பொக்ஸ் வெள்ளத்தில் முங்கினால் குளிர்ந்து சுருங்கி அந்தக் குழாயால் தண்ணீரை உறிஞ்சும். ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும்போது கார்த்திகை, மார்கழியில் ஒரு தடவை டிப்ஸ்ரிக்கைப் பாருங்கள்.

தாவடி_ரீச்சர்:
நான் ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், வீடு, சனிக்கிழமை சந்தை, இவ்வளவுதான் ஓட்டம். சேர்விஸ் செய்த இடத்தில் "உங்கட கார் சி.வி.ரி, சி.வி.ரி ஒயில் மாத்த வேணும்" என்றார்கள். மேலே எழுதியதை வாசித்த பிறகு பயமாக இருக்கிறது. மாற்றச் சொல்லலாமா?

சில்லும்_சுரையும்:
ரீச்சர், நிறுத்துங்கள். நல்ல நேரத்தில் கேட்டீர்கள். அக்குவாவைப் பேச்சில் சி.வி.ரி என்றாலும் உள்ளே பட்டியும் இல்லை, கப்பியும் இல்லை, கிளச் பிளேற்றும் இல்லை. ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டர்களும்தான். மோட்டரின் செப்புச் சுருள்களை நனைத்துக் குளிர்விப்பதும் அதே ஒயில். அதனால் மின்சாரத்தைக் கடத்தாத, ரொயோட்டா சொன்ன டபிள்யூ.எஸ்ஸை மட்டும் ஊற்ற வேண்டும். சி.வி.ரி ஒயில் வேண்டாம்.

வேலை சுலபம். பக்கத்தில் ஊற்றும் நட் ஒன்று, அடியில் வடிக்கும் நட் ஒன்று. மட்டமாக நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நிரப்பினால் அளவு சரி. ஒன்றே ஒன்று, எந்தக் காராக இருந்தாலும் ஊற்றும் நட்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள். வடித்து முடித்த பிறகு ஊற்றும் நட் இறுகிக் கழறாமல் நின்றால் கார் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கொக்குவிலான்:
போன சனிக்கிழமை வேலை முடிந்தது. அயலில் உள்ள மெக்கானிக் அண்ணையோடு நானும் கீழே படுத்திருந்தேன். நாலு லீற்றர் ரைப் ரி-4 இரண்டு கான், சம்ப் கஸ்கற், பில்ரர், அச்சுத் தண்டின் சீல், ட்ரெயின் நட்டின் வோசர் எல்லாம் முதலே வாங்கி வைத்திருந்தோம்.

சூடாக இருக்கும்போதே நட்டைக் கழற்றினார். வந்ததைத் தண்ணீர்ப் போத்தல்களில் அளந்தேன். இரண்டரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட. பிறகு சம்பைக் கழற்றினோம். அதன் அடியில் காந்தங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறச் சேறு, பற்பசை அளவு தடிப்பில். அண்ணை கொஞ்சம் எடுத்து என் விரலில் தேய்த்துவிட்டு, "குத்துதா?" என்றார். குத்தவில்லை. மை மாதிரிக் கறுப்பாகப் பரவியது. "குத்தினால்தான் யோசிக்க வேணும், இது வழமையான தேய்மானம்" என்றார். அதுவரை என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

துடைக்கப் பழைய சாரத்தை எடுத்தேன். அண்ணை கையைப் பிடித்தார். அதிலிருந்து விடும் நூல் ஒன்று போதுமாம் வால்வ் பொடியை அடைக்க. பெற்றோலில் கழுவிக் காயவிட்டோம். சம்ப் போல்ற்றுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அலுமினியத்தில் மறை போனால் பெரிய வேலையாம்.

டிப்ஸ்ரிக் குழாயால்தான் ஊற்ற வேண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஒடுங்கிய புனலில் நூல் போல விட்டோம். வந்த அளவை ஊற்றி, ஓடிச் சூடாக்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டியதில் மூன்றரை லீற்றர் அளவு போனது. சீலும் மாற்றியாயிற்று.

மறுநாள் காலை ரிவேர்ஸ் போட்டேன். "ஒன்று" சொல்லி முடிவதற்குள் பிடித்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய_சாரதி:
சந்தோசம் தம்பி. வடித்த ஒயிலை என்ன செய்தீர்கள்?

கொக்குவிலான்:
போத்தலில் அடைத்து வைத்திருக்கிறேன் ஐயா. பக்கத்து வீட்டில் கறையானுக்குத் தூணில் பூசக் கேட்டார்கள்.

பழைய_சாரதி:
கொடுக்க வேண்டாம். மழைக்குக் கழுவுண்டு நிலத்துக்குள் போகும். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீர். கல்லின் வெடிப்புகளால் எண்ணெய் எவ்வளவு தூரமும் போகும். சுன்னாகம் பக்கம் கிணற்று வாளியில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் கண்டவர்கள். பழைய ஒயில் சேர்த்துக் கொடுக்கும் சேர்விஸ் ஸ்ரேசனில் விடுங்கள்.

கொக்குவிலான்:
சரி ஐயா. இரண்டு போத்தலும் நாளைக்குப் போகும்.

தாவடி_ரீச்சர்:
அக்குவாவுக்கு டபிள்யூ.எஸ் கான் நானே வாங்கிக்கொண்டு போனேன். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, என் கண்முன்னே திறக்கச் சொன்னேன். ஊற்றும் நட்டை முதலில் கழற்றச் சொன்னதும் வேலை செய்த பெடியன் நிமிர்ந்து பார்த்தான். ஒழுங்காகச் செய்து தந்தான்.

கொக்குவிலான்:
1,100 கிலோமீற்றர் ஓடி இரண்டாம் தடவை வடித்தேன். மூன்று லீற்றர் வந்தது, அளவு குறையவில்லை, சீல் காய்ந்தே இருக்கிறது. முதல் தடவை வடித்ததில் ஒரு சின்னப் போத்தல் எடுத்து வைத்திருந்தேன். வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பிடித்தால், அது பிளேன்ரீ, இது கருஞ்சிவப்பு. இரண்டிலிருந்து மூன்றுக்கு இப்போது உற்றுக் கவனித்தால்தான் சத்தம் தெரிகிறது. மூன்றாம் தடவையை நல்லூர்த் திருவிழா முடிய வைத்திருக்கிறேன். அதற்குள் கொழும்புக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது. போய் வந்து டிப்ஸ்ரிக் அளவை இங்கே எழுதுகிறேன்.